எந்த ஊருக்குப் போவது? – கனடா நகரங்கள் சொல்லும் பாடம்

பழைய மாணவர் சங்க மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று கேட்டு வந்தபோது, முதலில் ஹாஸ்டல் நினைவுகளைத்தான் எழுத உட்கார்ந்தேன். மெஸ் சாம்பார், மூன்றாவது மாடியில் தண்ணீர் வராத குழாய், மெஷின் டிராயிங் பரீட்சைக்கு முந்தின ராத்திரி... இதையெல்லாம் என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் எங்கள் பேட்சிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த வேலையை விட்டுவிட்டேன். நான் எழுத வந்தது வேறு விஷயம்.

மாதத்துக்கு ஒரு தடவையாவது நம் கல்லூரி ஜூனியர் யாராவது போன் செய்கிறார்கள். கேள்வி ஒன்றுதான். "அண்ணா, பி.ஆர். வந்துடுச்சு. கனடாவுல எந்த ஊருக்கு வரலாம்?"

ரயில் டிக்கெட் எடுப்பது போலத்தான் கேட்கிறார்கள். ஆனால் இந்த ஒரு கேள்விக்கான பதிலில் ஒரு குடும்பத்தின் அடுத்த பத்து வருஷம் அடங்கியிருக்கிறது. நான் இந்தக் கேள்வியைக் கேட்டு, தப்பான பதிலை வாங்கிக்கொண்டு, அடிபட்டு எழுந்தவன். ஆகவே என் சொந்தக் கதையைக் கொஞ்சமும், எனக்கு முன்னால் நூற்று ஐம்பது வருஷமாக இதே கேள்வியைக் கேட்டவர்களின் கதையை நிறையவும் இங்கே எழுதுகிறேன்.

எனக்குக் கிடைத்த பதில்

நான் 2010-ல் மெக்கானிக்கல் முடித்தேன். சென்னையில் ஒரு டிசைன் ஆபீசில் பைப்பிங் வேலை. அதாவது எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளுக்குக் குழாய் போடும் வரைபடங்கள் தயார் செய்வது. 2014-ல் கனடா விசாவுக்கு மனு போட்டிருந்தபோது, ஹாஸ்டலில் எனக்கு மூன்று வருஷம் சீனியரான ஓர் அண்ணன் கால்கரியில் இருந்தார். அவரிடம் கேட்டேன்.

"டேய், நீ பைப்பிங் ஆளு. யோசிக்கவே யோசிக்காதே. கண்ணை மூடிக்கிட்டு கால்கரிக்கு வந்துடு" என்றார்.

அன்றைக்கு அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. 2014 ஜூனில் கச்சா எண்ணெய் ஒரு பீப்பாய் நூறு டாலருக்கு மேல் விற்றது. கால்கரியில் எண்ணெய்க் கம்பெனிகள் ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தன. நான் மனைவியோடு 2015 ஜனவரியில் போய் இறங்கினேன். கையில் இருந்தது என் சேமிப்பும், அப்பா தன் பி.எஃப். பணத்தில் எடுத்துக் கொடுத்ததும். நான் இறங்கிய அன்றைக்கு எண்ணெய் விலை ஐம்பது டாலருக்கும் கீழே.

மீதியைப் பின்னால் சொல்கிறேன். முதலில் கொஞ்சம் சரித்திரம்.

செல்கர்க்கா, வின்னிபெக்கா?

கனடா என்ற கூட்டாட்சி உருவானது 1867-ல். கிழக்கே மக்கள் இருந்தார்கள். மேற்கே பசிபிக் கடற்கரையில் கொஞ்சம் பேர் இருந்தார்கள். நடுவில் ஆயிரக்கணக்கான மைல் புல்வெளி. அங்கே குடியேற ஆள் வேண்டும் என்று 1872-ல் ஒரு சட்டம் போட்டார்கள். பத்து டாலர் கட்டணம் கட்டினால் 160 ஏக்கர் நிலம். குறிப்பிட்ட வருஷங்கள் அங்கே குடியிருந்து உழுது காட்டினால் நிலம் சொந்தம். அந்த நிலத்தில் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்த பூர்வகுடிகளை யாரும் சரியாகக் கேட்கவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

அந்தப் புல்வெளிக்குப் போக ரயில் வேண்டும். ரயில் பாதை சிவப்பாற்றை எந்த இடத்தில் கடப்பது? இதுதான் 1870களின் பெரிய கேள்வி. தலைமைப் பொறியாளர் சாண்ட்ஃபோர்ட் ஃபிளெமிங். உலகத்துக்கெல்லாம் நேர மண்டலங்கள் வேண்டும் என்று வாதாடியவரும் இதே மனிதர்தான். அவர் செல்கர்க் என்ற இடத்தைச் சொன்னார். காரணம் சுத்தமான எஞ்சினீயரிங் காரணம். அங்கே கரை உயரம், வெள்ளம் ஏறாது. தெற்கே முப்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளியிருந்த வின்னிபெக், இரண்டு ஆறுகள் கூடும் பள்ளத்தில் இருந்தது. 1826-ல் அங்கே வந்த பெருவெள்ளம் எல்லாருக்கும் ஞாபகத்தில் இருந்தது.

பொறியாளர் சொல்லிவிட்டார், இனி செல்கர்க்தான் பெரிய நகரம் என்று நம்பி அங்கே நிலம் வாங்கிப் போட்டவர்கள் பலர். ஆனால் வின்னிபெக் வியாபாரிகள் சும்மா இருக்கவில்லை. நகரத்துச் செலவிலேயே ஆற்றுக்குப் பாலம் கட்டிக் கொடுத்தார்கள். ஸ்டேஷனுக்கு இடம் கொடுத்தார்கள். கனடியன் பசிபிக் ரயில்வேக்கு இனி எந்தக் காலத்திலும் நகர வரி கிடையாது என்று எழுதியும் கொடுத்தார்கள். 1881-ல் ரயில் வின்னிபெக் பக்கம் திரும்பிவிட்டது.

1871-ல் 241 பேர் இருந்த கிராமம் அது. 1911 மக்கள் தொகைக் கணக்கில் 1,36,035 பேரோடு, மான்ட்ரியலுக்கும் டொரண்டோவுக்கும் அடுத்தபடியாக நாட்டின் மூன்றாவது பெரிய நகரமாகிவிட்டது. உக்ரைனியர், போலந்துக்காரர், யூதர், ஜெர்மானியர், ஐஸ்லாந்துக்காரர் என்று எல்லாரும் வின்னிபெக் ஸ்டேஷனில்தான் இறங்கினார்கள். வடக்கத்திய சிகாகோ என்று அதைப் புகழ்ந்தார்கள்.

அப்புறம் 1914 ஆகஸ்டில் பனாமா கால்வாய் திறந்தது. எங்கோ இருக்கும் கால்வாய், வின்னிபெக்கை என்ன செய்யும் என்று கேட்கலாம். கிழக்கிலிருந்து மேற்கே போகும் சரக்கெல்லாம் அதுவரை வின்னிபெக் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கால்வாய் வந்ததும் கப்பலிலேயே வான்கூவருக்குப் போக வழி வந்துவிட்டது. வின்னிபெக்கின் ஓட்டம் அதோடு நடையாயிற்று.

ஃபிளெமிங் சொன்ன வெள்ளமும் சொன்னபடியே வந்தது. 1950-ல் சுமார் ஒரு லட்சம் பேரை வின்னிபெக்கை விட்டு வெளியேற்ற வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு 1962 முதல் 1968 வரை, நகரத்தைச் சுற்றி 47 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு வெள்ளக் கால்வாயை வெட்டினார்கள். ஆறு கோடியே முப்பது லட்சம் டாலர் செலவு. முதலமைச்சர் டஃப் ராப்ளினின் பெயரைச் சொல்லி 'டஃப் வெட்டின வாய்க்கால்' என்று எதிர்க்கட்சிக்காரர்கள் கேலி செய்தார்கள். 1997-ல் பெருவெள்ளம் வந்தபோது நகரத்தைக் காப்பாற்றியது அந்த வாய்க்கால்தான்.

எஞ்சினீயர் சொன்னது சரி. ஆனால் எஞ்சினீயர் சொன்னதை நம்பி செல்கர்க்கில் நிலம் வாங்கியவன் தோற்றான். இதை நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

இருபது கிலோமீட்டர் வித்தியாசம்

ரயிலின் மேற்கு முனையிலும் இதே கதை. பசிபிக் கரையில் போர்ட் மூடி என்ற சிற்றூர்தான் கடைசி ஸ்டேஷன் என்று அறிவித்திருந்தார்கள். மான்ட்ரியலிலிருந்து கிளம்பிய முதல் பயணிகள் ரயில் 1886 ஜூலை 4 அன்று அங்கே வந்து நின்றது. நிலம் வாங்கி வைத்திருந்தவர்கள் தங்கள் காலம் வந்துவிட்டது என்று மகிழ்ந்தார்கள்.

ஆனால் அங்கே கரையோரம் சேறு, ஊர் விரியவும் இடம் போதாது. ரயில்வேக்காரர்கள் பாதையை இன்னும் இருபது கிலோமீட்டர் போல நீட்டி, கிரான்வில் என்ற மரக்கடைக் குடியிருப்புக்குக் கொண்டு போக முன்பே முடிவு செய்திருந்தார்கள். மாகாண அரசிடமிருந்து ஆறாயிரம் ஏக்கருக்கு மேல் நிலமும் அவர்களுக்குக் கிடைத்தது. அந்தக் கிரான்வில்தான் 1886 ஏப்ரலில் வான்கூவர் என்ற பெயரில் நகரமானது. ஜூன் 13 அன்று ஒரே தீயில் முழு ஊரும் எரிந்து போனது. இருந்தும் திரும்பக் கட்டினார்கள். 1887 மே 23 அன்று முதல் பயணிகள் ரயில் வான்கூவருக்கு வந்தது.

ஊர் முழுக்க எரிந்த வான்கூவர் பெரிய நகரமாயிற்று. எரியாத போர்ட் மூடி அதன் புறநகராயிற்று. 2016 டிசம்பரில்தான் நகர மின்ரயிலே அங்கே போய்ச் சேர்ந்தது.

தேர்வு செய்ய விடப்படாதவர்கள்

இதுவரை சொன்னது ஐரோப்பியர்களின் கதை. எந்த ஊர் என்று கேட்கும் உரிமையே இல்லாதவர்களும் இருந்தார்கள்.

அந்த ரயில் பாதையின் மலைப்பகுதியை அமைக்க ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர்களைக் கொண்டு வந்தார்கள். பாறையை வெடி வைத்துத் தகர்க்கும் வேலையில் பலர் செத்தார்கள். 1885 நவம்பர் 7 அன்று கடைசி ஆணி அடித்தார்கள். அதே வருஷம் சீனர்கள் மீது ஐம்பது டாலர் தலைவரி போட்டார்கள். 1900-ல் அது நூறு, 1903-ல் ஐந்நூறு. 1923 முதல் 1947 வரை அநேகமாகக் கதவையே சாத்திவிட்டார்கள். வான்கூவரின் சீனத் தெருவைப் பார்த்து "இவங்க எல்லாம் ஏன் ஒரே இடத்துல கூடிக்கிறாங்க?" என்று கேட்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வேறு இடத்தில் அவர்களை இருக்க விடவில்லை.

நம் நாட்டவர் கதையும் உண்டு. 1908-ல் ஒரு விதி செய்தார்கள். சொந்த நாட்டிலிருந்து எங்கும் நிற்காமல் நேராக வந்தால்தான் அனுமதி. இந்தியாவிலிருந்து அப்படி நேராக வர வழி கிடையாது. அந்த விதியைச் சவாலுக்கு அழைத்து, குர்தித் சிங் என்பவர் கோமகட்டா மாரு என்ற ஜப்பானியக் கப்பலை வாடகைக்குப் பிடித்து 376 பேரோடு வந்தார். பெரும்பாலும் பஞ்சாபிகள். கப்பல் வான்கூவர் துறைமுகத்துக்கு வந்தது 1914 மே 23. முதல் ரயில் வந்த அதே தேதி. ஏற்கெனவே கனடாவில் இருந்துவிட்டுத் திரும்பிய சிலரைத் தவிர வேறு யாரையும் இறங்க விடவில்லை. இரண்டு மாதம் கடலிலேயே நிறுத்தி வைத்து, ஜூலை 23 அன்று திருப்பி அனுப்பினார்கள். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் பட்ஜ் பட்ஜில் கரை இறங்கியபோது போலீஸ் சுட்டது. சுமார் இருபது பேர் இறந்தார்கள். தலைவரிக்காக 2006-லும், கோமகட்டா மாருவுக்காக 2016-லும் கனடா நாடாளுமன்றத்தில் பிரதமர்கள் மன்னிப்புக் கேட்டார்கள்.

நாம் விமான டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு "டொரண்டோவா, வான்கூவரா?" என்று யோசிப்பது சாதாரண பாக்கியம் இல்லை.

ஊருக்கும் மார்க் உண்டு

1962-ல் நிறத்தைப் பார்த்து ஆள் எடுக்கும் விதிகளை நீக்கினார்கள். 1967-ல் புள்ளி முறை வந்தது. நமக்குப் பழக்கமான சமாசாரம்தான். நூற்றுக்கு ஐம்பது எடுத்தால் பாஸ். படிப்புக்கு 20, வயதுக்கு 10, மொழிக்கு 10 என்று போகும் பட்டியலில், கடைசியில் ஒரு வரி உண்டு. நீ போக விரும்பும் ஊரில் வேலை வாய்ப்பு எப்படி? அதற்கு 5 மார்க். ஆக, ஊரைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு பரீட்சைக் கேள்வி என்று சர்க்காரே ஒப்புக்கொண்டிருந்தது.

அன்றைக்கு யாரைக் கேட்டாலும் மான்ட்ரியல் என்றுதான் சொல்லியிருப்பார்கள். நாட்டின் பெரிய நகரம் அதுதான். பெரிய வங்கிகள், இன்சூரன்ஸ் கம்பெனிகள் பலவற்றின் தலைமையகமும், ரயில்வேயின் தலைமையகமும் அங்கேதான். 1967 உலகக் கண்காட்சி அங்கே நடந்தது. 1976 ஒலிம்பிக்ஸ் அங்கே நடந்தது.

அதே 1976 நவம்பரில் கியூபெக் மாகாணத்தில் பிரிவினை கேட்கும் கட்சி ஆட்சிக்கு வந்தது. 1977 ஆகஸ்டில் பிரெஞ்சு மொழிச் சட்டம் வந்தது. வேலையிடத்தில் பிரெஞ்சு, புதிதாக வரும் குடியேறிகளின் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுப் பள்ளி. பிரெஞ்சு பேசுகிறவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. சொந்த ஊரில் பெரும்பான்மையாக இருந்தும் முதலாளியிடம் இங்கிலீஷில் பேச வேண்டியிருந்தவர்கள் அவர்கள். மொழிக்காக 1965-ல் தெருவில் இறங்கிய நம் மாநிலத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் கம்பெனிகள் மூட்டை கட்டின. பெரிய இன்சூரன்ஸ் நிறுவனமான சன் லைஃப், தலைமையகத்தை டொரண்டோவுக்கு மாற்றுவதாக 1978 ஜனவரியில் அறிவித்தது. 1981 கணக்கெடுப்பில் டொரண்டோ மான்ட்ரியலைத் தெளிவாகத் தாண்டிவிட்டது.

1970-ல் மான்ட்ரியலைத் தேர்ந்தெடுத்த ஒரு இந்திய எஞ்சினீயர் முட்டாளா? இல்லவே இல்லை. பிரெஞ்சு கற்றுக்கொண்டு அங்கேயே தங்கியவர்கள் நன்றாகவே வாழ்கிறார்கள். கற்றுக்கொள்ள மறுத்தவர்கள்தான் இரண்டாம் தடவை குடியேறினார்கள்.

படகில் வந்தவர்கள்

தமிழ் பேசுகிறவர்களுக்கு டொரண்டோ எப்படித் தலைநகரமாயிற்று? நம்மில் பலருக்கு அங்கே மளிகைக் கடையும் கோயிலும் தெரியும். அதன் பின்னால் இருப்பது தெரியாது.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கைத் தமிழர்கள் உயிருக்குப் பயந்து பல நாடுகளுக்கு ஓடினார்கள். 1986 ஆகஸ்ட் 11 அன்று, நியூஃபவுண்ட்லாந்து கரைக்கு அப்பால் கடும் பனிமூட்டத்தில், கஸ் டால்டன் என்ற மீன்பிடிப் படகுக்காரர் இரண்டு உயிர்காப்புப் படகுகளைக் கண்டார். அவற்றில் 155 தமிழர்கள். ஜெர்மனியிலிருந்து ஏற்றி வந்த கப்பல், நடுக்கடலில் அவர்களை இறக்கிவிட்டுப் போய்விட்டது. டால்டன் மற்ற மீனவர்களையும் அழைத்து எல்லாரையும் கரை சேர்த்தார். ஒருவரும் சாகவில்லை. சில நாட்களிலேயே அவர்கள் மான்ட்ரியலுக்கும் டொரண்டோவுக்கும் போனார்கள்.

ஏன் அங்கே? ஏற்கெனவே தமிழர்கள் இருந்த ஊர்கள் அவை. பேப்பரில் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்ட ஒரு ஆள், முதல் ராத்திரி படுக்க ஒரு பாய், மறுநாள் வேலைக்குக் கூட்டிக்கொண்டு போக ஒரு அண்ணன். இந்த மூன்றும் எந்த ஊரில் இருக்கிறதோ அதுதான் அகதிக்கு நல்ல ஊர். டொரண்டோவில் முதலில் நகர நடுவில் இருக்கும் செயின்ட் ஜேம்ஸ் டவுன் அடுக்குமாடிகளில் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். பிறகு கொஞ்சம் காசு சேர்ந்ததும் கிழக்கே ஸ்கார்பரோவுக்கு நகர்ந்தார்கள். ஓட்டலில் பாத்திரம் கழுவியும், பேக்டரியில் இரவு ஷிஃப்ட் பார்த்தும் அவர்கள் உண்டாக்கிய ஊரில்தான், நம்மைப் போன்றவர்கள் பிளேனில் வந்து இறங்கி "இங்க இடியாப்பம் நல்லா கிடைக்குது" என்கிறோம். அந்த நன்றி நமக்கு இருக்க வேண்டும்.

கால்கரிக்குத் திரும்புவோம்

கால்கரிக்கு எண்ணெய்ப் பைத்தியம் பிடித்தது 1914 மே மாதம். பக்கத்தில் டர்னர் பள்ளத்தாக்கில் கிணறு ஒன்றில் எண்ணெய் வந்தது. ஐந்நூறுக்கு மேற்பட்ட கம்பெனிகள் முளைத்தன. அவற்றில் எண்ணெயைக் கண்ணால் பார்த்தவை சொற்பம். ஆனால் ஆபீஸ்களும் வக்கீல்களும் வங்கிகளும் அங்கே வந்துவிட்டன. அதனால்தான் 1947-ல் லெடுக் என்ற இடத்தில், அதுவும் எட்மன்டனுக்குப் பக்கத்தில், பெரிய எண்ணெய் வயல் கிடைத்தபோதும் தலைமையகங்கள் கால்கரியிலேயே இருந்தன.

அதற்குப் பிறகு அந்த ஊரின் ஜாதகமே எண்ணெய் விலைதான். 1980களில் ஒரு முறை விழுந்தது, எழுந்தது. 2014-ல் மறுபடியும் விழுந்தது. 2016 பிப்ரவரியில் பீப்பாய் முப்பது டாலருக்கும் கீழே போயிற்று. அந்த வருஷக் கடைசியில் கால்கரியில் வேலையில்லாதோர் பத்து சதவீதத்தைத் தாண்டினார்கள். நகர மையத்தில் ஆபீஸ் இடத்தில் ஏறக்குறைய கால் பங்கு காலி.

அந்தக் கால் பங்கைப் பார்த்துக்கொண்டே நான் தினமும் ஒரு கிடங்குக்கு வேலைக்குப் போனேன். பெட்டி அடுக்கும் வேலை. அனுப்பிய விண்ணப்பங்கள் இருநூறுக்கு மேல். 2015 ஆகஸ்டில் மகள் பிறந்தாள். அப்பாவுக்குப் போன் செய்யும்போதெல்லாம் "வேலை நல்லா போகுதுப்பா" என்று சொன்னேன். எந்த வேலை என்று அவரும் கேட்கவில்லை. கேட்காததிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் புரிந்தது.

அந்தச் சீனியர் அண்ணனுக்கும் 2015 கடைசியில் வேலை போயிற்று. அவர் வீட்டுக் கடனோடு மாட்டிக்கொண்டார். ஆனால் எனக்கு அவர்மேல் கோபம். ஒரு நாள் போனில், "உங்க பேச்சைக் கேட்டு வந்துதான் இப்படி ஆயிட்டேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பதில் பேசவில்லை. அதற்குப் பிறகு மூன்று வருஷம் நாங்கள் பேசவில்லை.

2016 கோடையில் வின்னிபெக்கில் ஒரு பஸ் கட்டும் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. "வின்னிபெக்கா? அங்க மைனஸ் நாற்பது போகும், யாராவது போவாங்களா?" என்று எல்லாரும் சிரித்தார்கள். 1,300 கிலோமீட்டர். பஸ்ஸிலேயே போனேன். பத்து வருஷத்துக்கு முன்னால் என் பட்டியலில் அந்த ஊரே கிடையாது.

போன பிறகுதான் தெரிந்தது, அங்கே ஃபிலிப்பைன்ஸ்காரர்கள் ஊரையே தாங்குகிறார்கள். 1960களின் கடைசியில் தையல் தொழிற்சாலைகளுக்கு வந்த பெண்களிடமிருந்து தொடங்கிய குடியேற்றம் அது. 1998-ல் மானிடோபா மாகாணம் தனக்கு வேண்டியவர்களைத் தானே தேர்ந்தெடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. மற்ற மாகாணங்கள் பின்னால் வந்தன. பலன் கணக்கிலே தெரிகிறது. 1990களில் வந்தவர்களில் 73 சதவீதம் பேர் டொரண்டோ, வான்கூவர், மான்ட்ரியல் மூன்றில்தான் இருந்தார்கள் என்றது 2001 கணக்கெடுப்பு. 2016-க்கும் 2021-க்கும் இடையில் வந்தவர்களில் அந்த மூன்று நகரங்களின் பங்கு 53 சதவீதம்தான். மீதிப் பேர் என்னைப் போல யாரும் சிபாரிசு செய்யாத ஊர்களில் இருக்கிறார்கள்.

ஜூனியர்களுக்கு

சரி, "எந்த ஊர்?" என்ற கேள்விக்கு நான் இப்போது ஊர் பெயர் சொல்வதில்லை. பதிலுக்குச் சில கேள்விகள் கேட்கிறேன்.

ஒன்று, உன் தொழில் ஒரே சரக்கை நம்பியிருக்கிறதா? உன் படிப்பும் ஊரும் ஒரே கயிற்றில் தொங்கினால் இரண்டும் சேர்ந்தே அறுந்து விழும். கால்கரி பிறகு எழுந்துவிட்டது. 2023-ல் மற்ற மாகாணங்களிலிருந்து ஏராளமானவர்கள் ஆல்பர்ட்டாவுக்குப் போனார்கள். நாளை என்ன என்பது யாருக்குத் தெரியும்?

இரண்டு, உன் லைசென்ஸ் எங்கே? எஞ்சினீயர் என்று போட்டுக்கொள்ள அங்கே மாகாணத்துக்கு மாகாணம் தனி அமைப்பு உண்டு. கனடா அனுபவம் வேண்டும் என்ற நிபந்தனையை ஒன்டாரியோ 2023 மே மாதத்தில்தான் நீக்கியது. கிளம்புவதற்கு முன்பே அந்தந்த மாகாண விதியைப் படி.

மூன்று, முதல் ராத்திரி படுக்க யார் வீடு? சொந்தக்காரர் இருக்கும் ஊர் சுலபமாக இருக்கும். ஆனால் அவர் செய்யும் வேலையும் உன் வேலையும் ஒன்றா என்று பார்.

நான்கு, வேலை இல்லாமல் ஆறு மாதம் வாடகை கட்டப் பணம் உண்டா? அதே பணம் டொரண்டோவில் எத்தனை மாதம் வரும், சின்ன ஊரில் எத்தனை மாதம் வரும் என்று கணக்குப் போடு. நாம் போடாத கணக்கா?

ஐந்து, வீட்டில் கேட்டாயா? என் மனைவியிடம் நான் கால்கரியைப் பற்றி அபிப்பிராயம் கேட்கவே இல்லை, தகவல்தான் சொன்னேன். வின்னிபெக்குக்குப் போகலாமா என்று கேட்டேன். அந்த வித்தியாசத்தை இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள்.

கடைசியாக ஒன்று. நிரந்தரக் குடியுரிமை பெற்றவர்கள் எந்த மாகாணத்துக்கும் போய் வாழலாம், வேலை தேடலாம் என்று 1982-ல் வந்த உரிமைச் சாசனம் சொல்கிறது. முதல் ஊர் தாலி கட்டின ஊர் இல்லை. ஆனால் ஒரு மாகாணம் உன்னைத் தேர்ந்தெடுத்து அழைத்தால், அங்கே வாழ்கிறேன் என்று நீ எழுதிக் கொடுத்திருப்பாய். அந்த வார்த்தைக்கு நேர்மையாக முயன்று பார்த்துவிட்டு அப்புறம் கிளம்பு. இன்னொன்றும் நினைவிருக்கட்டும். 2024-ல் மாணவர் விசாவுக்கு உச்சவரம்பு வைத்தார்கள். 2025-க்கான நிரந்தரக் குடியேற்ற இலக்கை ஐந்து லட்சத்திலிருந்து 3,95,000 ஆகக் குறைத்தார்கள். கதவு எப்போதும் ஒரே அளவில் திறந்திருக்காது. பத்து வருஷத்துக்கு முன்னால் போனவன் அனுபவத்தை, அதாவது என் அனுபவத்தையும் சேர்த்துத்தான், அப்படியே நம்பிவிடாதே.

செல்கர்க்கில் நிலம் வாங்கியவனும், போர்ட் மூடியில் காத்திருந்தவனும், 1970-ல் மான்ட்ரியல் போனவனும், 2015-ல் கால்கரி போன நானும் கிடைத்த தகவலை வைத்துச் சரியாகத்தான் முடிவு செய்தோம். சொன்னவர்களும் தெரிந்ததைத்தான் சொன்னார்கள். பனாமாவில் கால்வாய் வெட்டுவதும் எண்ணெய் விலை விழுவதும் வழி சொன்னவன் கையில் இல்லை.

வின்னிபெக் நூலகத்தில் அந்த ரயில் கதையைப் படித்த அன்றைக்கு, 2018 டிசம்பரில், சீனியர் அண்ணனுக்குப் போன் செய்தேன். "அண்ணா, அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றேன். அவர் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "அதை விடுடா. பாப்பா எப்படி இருக்கா? நடக்கிறாளா?" என்றார். பாப்பாவுக்கு அப்போது மூன்று வயது தாண்டிவிட்டது. ஓடிக்கொண்டிருந்தாள்.

இந்த ஒன்றுகூடலுக்கு அவரும் வருகிறார். மெஸ்ஸில் பழையபடி எதிரெதிரே உட்காருவதாகப் பேசி வைத்திருக்கிறோம். எங்கள் மேஜைப் பக்கம் வரும் மாணவத் தம்பி தங்கைகள் தாராளமாகக் கேள்வி கேட்கலாம். ஊர் பெயர் மட்டும் கேட்க வேண்டாம்!

வளர்க நம் கல்லூரி. வாழ்க நம் நட்பு.